மாப்பிள்ளைக்கு ஒரு வீடு

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஒரு கொலைகாரன்.

பதற வேண்டாம். செத்தது ஒரு மீன். பெயர் டைசன். வயது தெரியாது. என் வீட்டில் வாழ்ந்தது மொத்தம் நாற்பத்தோரு நாள். ஆயுதம்: ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்.

2024 ஜூன் மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கக் கொளத்தூர் போயிருந்தேன். சென்னையில் கலர் மீன் என்றால் கொளத்தூர்தான் என்பது உங்களுக்கே தெரியும். தெருவுக்குத் தெரு மீன் கடை. மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் வளர்த்து விற்கிற குடும்பங்கள். அங்கே ஒரு கடை வாசலில், மோர் விற்கிற மாதிரி பிளாஸ்டிக் கப்புகளை வரிசையாக அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மீன். ஒவ்வொன்றும் கல்யாண வீட்டுப் பட்டுப் புடவை மாதிரி வால். நான் நின்றுவிட்டேன்.

"ஃபைட்டர் சார். மோட்டார் வேணாம், ஆக்ஸிஜன் வேணாம், ஒரு டம்ளர் தண்ணி போதும். தாங்கும்."

தாங்கும்! இந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நம் நாட்டில் பாதி காரியம் நடக்கிறது. மூன்று பேர் உட்காருகிற ஷேர் ஆட்டோ ஸீட் ஐந்து பேரைத் தாங்கும். ஒரு பிளக் பாயின்ட் ஃபிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் தாங்கும். நானும் நம்பினேன். தொண்ணூறு ரூபாய் கொடுத்துவிட்டு மீனோடு வீட்டுக்கு வந்தேன். மிக்ஸியைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தது தனிக்கதை.

டைசனை நான் கொடுமைப்படுத்தவில்லை. அன்பாகத்தான் கொன்றேன். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் காலையில் பழைய தண்ணீரை மொத்தமாகக் கொட்டிவிட்டு, குழாயில் வந்த மெட்ரோ தண்ணியை அப்படியே ஊற்றினேன். குளோரின் வாசனையோடு. வெளிச்சமாக இருக்கட்டும் என்று ஜன்னல் கட்டையில் வைத்தேன். மத்தியானம் வெயில் நேராக பாட்டில் மேலே. பசிக்குமே என்று நானும் ஒரு தடவை, ரெண்டாங்கிளாஸ் படிக்கிற என் மகளும் ஒரு தடவை, பிறகு யார் போட்டோம் என்று ஞாபகமில்லாமல் மறுபடி ஒரு தடவை உணவு போட்டோம். நாலாவது வாரம் டைசனின் பட்டு வால், காற்றில் கிழிந்த வாழை இலை மாதிரி ஆகிவிட்டது. ஆறாவது வாரம் பாட்டில் அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

செம்பருத்தித் தொட்டியில் புதைத்தோம். அப்பாதான் ஸ்பூனால் குழி தோண்டினார். மண்ணை மூடிவிட்டு, "பாவம்டா. திரும்பிப் படுக்கக்கூட இடமில்லை அதுக்கு" என்றார். சொல்லிவிட்டு ஹாலுக்குப் போய்த் தன்னுடைய மடக்குக் கட்டிலை மடக்கிச் சுவர் ஓரமாகச் சாத்தினார். சீரியல் நேரம். கட்டில் விரிந்திருந்தால் டி.வி. முன்னால் யாரும் நடக்க முடியாது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கும்பகோணம் பக்கத்தில் ஒரு கிராமம். கூட்டுறவு சொசைட்டியில் கணக்கெழுதி ரிடையர் ஆனவர். 2022-ல் அம்மா போனபிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று நான்தான் பெரம்பூருக்கு அழைத்து வந்தேன். எங்களுடையது ஒரு ஹால், ஒரு பெட்ரூம், எட்டுக்கு ஒன்பதில் ஒரு குட்டி அறை. பி.காம். படித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் எட்டு வருஷம் கூட்டல் கழித்தல் போட்ட பிறகு, 'எழுதிப் பிழைக்கப் போகிறேன்' என்று நான் ராஜினாமா செய்தபோது, அந்தக் குட்டி அறை என் 'ஆபீஸ்' ஆகிவிட்டது. அப்பாவுக்கு ஹால். காலையில் ஆறு மணிக்குக் கட்டிலை மடக்குவார். ராத்திரி பத்தரைக்கு டி.வி. அணைந்ததும் விரிப்பார். "சௌகரியமா இருக்காப்பா?" என்று எப்போதாவது கேட்டால், "எனக்கென்னடா, போதும்" என்பார்.

அதுவும் ஒரு விதமான 'தாங்கும்'தான். ஆனால் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

டைசன் போனதும் எனக்குக் குற்ற உணர்ச்சி. உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். ஃபைட்டரின் சொந்த ஊர் தாய்லாந்து. அங்கே அதன் பெயர் 'ப்ளா கட்'. கடிக்கிற மீன் என்று அர்த்தம். விஞ்ஞானிகள் 1910-ல் வைத்த பெயர் 'பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ்'. 2019-ல் தாய்லாந்து அரசாங்கம் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. ஒரு நாட்டின் தேசிய கௌரவத்தை நான் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சாகடித்திருக்கிறேன். தாய்லாந்து தூதரகத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும்!

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தேன். இது நெல் வயலிலும் சதுப்பிலும் வாய்க்காலிலும் வாழ்கிற மீன். ஆழமில்லாத தண்ணீர். அதனால்தான் டம்ளர் தண்ணி போதும் என்கிறார்கள் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்த பார்வையை, சொசைட்டியில் தப்பாகக் கூட்டல் போட்டவர்கள் நிறையப் பேர் வாங்கியிருப்பார்கள்.

"ஏண்டா, வயல்ல தண்ணி கணுக்கால் ஆழந்தான். ஆனா வயல் நாலு மாடா! மடையைத் திறந்தா அடுத்த வயலுக்குப் போகும். ஆழமில்லேன்னா இடமில்லேன்னு அர்த்தமா?"

பி.காம். படிப்பு தலைகுனிந்தது. நாலு மா என்றால் ஒரு ஏக்கருக்கு மேலே. அதை நான் ஒரு பாட்டிலாகச் சுருக்கியிருக்கிறேன்.

"அப்ப அது ஏன் உடனே சாகலை?" என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "பனையேறிக் கெண்டை பார்த்திருக்கியா? கோடையில தண்ணி வத்தினா சேத்துல கிடக்கும். கூடையில போட்டு வச்சா மறுநாளும் துள்ளும். அந்த ஜாதியா இருக்கும்."

புத்தகத்தைப் புரட்டினால், அட, அதே ஜாதிதான்! நம் பனையேறிக் கெண்டைக்கும் ஃபைட்டருக்கும் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு விசேஷ உறுப்பு. லாபிரிந்த் என்று பெயர். மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கினால் அதிலிருந்தே பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். பனையேறி, பனைமரத்தில் ஏறிக்கொண்டிருந்ததை நம்ம தரங்கம்பாடியில் பார்த்ததாக டால்டார்ஃப் என்கிற டேனிஷ் கம்பெனி அதிகாரி எழுதியது, 1797-ல் லண்டனில் அச்சாகியிருக்கிறது. நிஜமாகவே மரம் ஏறுமா என்று அப்புறம் நிறைய சர்ச்சை. அப்பா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "அப்ப நம்ம பனையேறிக்கு ஒண்ணுவிட்ட தம்பி" என்று ஃபைட்டரை உறவு சேர்த்துக்கொண்டார்.

அதாவது, காற்றைக் குடித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். உயிரோடு இருப்பதும் நன்றாக இருப்பதும் வேறு வேறு.

"இன்னொண்ணு வாங்கலாம்டா. ஆனா முதல்ல வீடு" என்றார் அப்பா. அவராக எதையும் கேட்டது இரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

கணக்கு எழுதினேன். மூடியோடு ஒன்றரை அடி நீள, ஒரு அடி அகல, ஒரு அடி உயரக் கண்ணாடித் தொட்டி 1,100. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் அதை ஓட்டுகிற காற்று மோட்டாரும் 420. மணல், கூழாங்கல் 180. செடிகள் 260. குளோரினை முறிக்கிற மருந்து 120. தெர்மாமீட்டர் 80. தண்ணீரைச் சோதிக்கிற சொட்டு மருந்து டப்பா 890. மொத்தம் 3,050.

"மீன் தொண்ணூறு ரூபா. வீடு மூவாயிரமா?" என்றாள் என் மனைவி.

"மாப்பிள்ளைன்னா அப்படித்தாம்மா" என்றார் அப்பா. மீன் வருவதற்கு முன்னாலேயே பெயர் வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளை.

அடுத்தது இடம். தொட்டியில் முக்கால்வாசிக்கு மேல் நிரப்பினாலே முப்பத்தைந்து லிட்டர். தண்ணீரே முப்பத்தைந்து கிலோ. அதற்கு மேல் கண்ணாடி, மணல். ஆடாத மேஜை வேண்டும். நேர் வெயில் கூடாது. சமையல் புகை கூடாது. டி.வி. சத்தமும், போகிறவர் வருகிறவர் நடமாட்டமும் ஆகாது. ஹாலில் வைக்கவே முடியாது. "அந்த இரைச்சல்ல எந்த ஜீவன் இருக்கும்?" என்று என் மனைவியே சொன்னாள். பெட்ரூமில் இடமில்லை. மிச்சமிருந்தது என் ஆபீஸ். இருந்த ஒரே உறுதியான மேஜையும் என்னுடையது. காகிதங்களை அள்ளி ஓரம் கட்டினேன்.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பம். தொட்டியை நிரப்பியவுடன் மீனை விடக்கூடாதாம். ஒரு மாசம் மீன் இல்லாமலே ஓட்ட வேண்டுமாம். தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவைப் போட்டு அதை அழுக விட வேண்டும்!

"மீனே இல்லாத தொட்டிக்கு தினம் சோறு போடறாரு" என்று மாடி வீட்டு அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நாலு பேர் வந்து தொட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள். அப்புறம் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

ஆபீஸ் போகிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தொட்டி என்பது ஒரு கவர்ன்மென்ட் ஆபீஸ். மீனின் கழிவும் மிச்ச உணவும் அம்மோனியா என்கிற ஃபைலாக மாறி வந்து விழும். அது விஷம். அதை வாங்கி நைட்ரைட் ஆக்குவது ஒரு கிளார்க். பாக்டீரியா ஜாதி. நைட்ரைட்டும் விஷம்தான். அதை வாங்கி நைட்ரேட் ஆக்குவது அடுத்த ஸீட் கிளார்க். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. கொஞ்சம் செடிகள் சாப்பிடும், மிச்சத்தை நாம் வாராவாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். சிக்கல் என்னவென்றால், புது ஆபீஸில் கிளார்க்குகளே கிடையாது. அவர்கள் வந்து ஜாயின் பண்ண நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் ஆள் வந்து வெகுநாள் கழித்துத்தான் ரெண்டாவது ஆள் வருவான். அதுவரை ஃபைல் தேங்கும். டைசனைக் கொன்றது அந்தத் தேங்கின ஃபைல்தான். நான் தினமும் தண்ணீரை மொத்தமாகக் கொட்டியதில், வந்த கிளார்க்கையும் தங்க விடவில்லை, அவனுக்கும் தினம் ஒரு அதிர்ச்சி.

மூன்றாவது வாரம் நான் ஒரு மகத்தான காரியம் செய்தேன். ஸ்பாஞ்ச் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்து, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை கசக்கிப் பிழிந்தேன். கிளார்க்குகள் குடியிருந்ததே அந்த ஸ்பாஞ்சில்தான். குளோரின் தண்ணீரில் ஒரே நாளில் அத்தனை பேரும் டிஸ்மிஸ். சோதனைச் சொட்டில் மஞ்சள் வர வேண்டிய இடத்தில் பச்சை. அம்மோனியா! மறுபடி முதலிலிருந்து. (ஸ்பாஞ்சைக் கழுவ வேண்டுமானால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாக அலச வேண்டும். என் பெயரைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

அப்பா சிரிக்கவில்லை. ஒரு பழைய டைரியில் கோடு போட்டு, தேதி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று நாலு காலம் கட்டினார். தினமும் காலையில் என் அறைக்கு வந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சொட்டு எண்ணி விட்டு, நிறம் பார்த்து எழுதினார். அதே முத்து முத்தான சொசைட்டிக் கையெழுத்து. அம்மா போனதிலிருந்து அவர் பேனா பிடித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. மாப்பிள்ளை ஒளிந்துகொள்ள ஓர் இடம் வேண்டுமே? உடைந்த மண் பூந்தொட்டி ஒன்றைப் பாதியாக்கி, அதன் விளிம்பைத் துவைக்கிற கல்லில் அரை நாள் தேய்த்து மழமழவென்று ஆக்கினார் அப்பா. நான் வாங்கி வந்த பிளாஸ்டிக் செடியைப் பார்த்து, "இது அந்த வாலைக் கிழிக்கும்" என்றார். சோதனைக்கு என் மனைவியின் பழைய ஷிஃபான் துப்பட்டாவை அதன் மேல் இழுத்தோம். கிழிந்தது. செடி போன இடத்துக்குத் துப்பட்டாவும் போனது. அன்றைக்கு ராத்திரி உப்புமா.

அதனால் எல்லாம் நிஜச் செடி. வேலம்பாசி, ஜாவா ஃபெர்ன், அகல இலையுள்ள அனுபியாஸ். இந்தக் கடைசி இரண்டின் கிழங்கு மாதிரித் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லோடு நூலால் கட்டி வைக்க வேண்டும். கட்டியது அப்பா. வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்து வளர்ந்த கை.

இன்னொன்றும் கொண்டு வந்தார். எங்கள் தெருமுனையில் ஒரு நாட்டு வாதாம் மரம். அதன் கீழே உதிர்ந்த காய்ந்த இலை இரண்டு. தாய்லாந்தில் ஃபைட்டர் வளர்ப்பவர்கள் காலங்காலமாகப் போடுவது இந்த இலைதான் என்று நான் படித்துக் காட்டியிருந்தேன். நன்றாக அலசிப் போட்டதும், ரெண்டு நாளில் தண்ணீர் இளம் டீ நிறத்துக்கு வந்தது. "மூவாயிரம் ரூபா தொட்டியில குப்பையைப் போட்டாச்சு" என்றாள் மனைவி.

டிசம்பர் முதல் வாரம் டைரியில் அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம். நாலு நாள் தொடர்ந்து. அப்பா கீழே இரட்டைக் கோடு போட்டார்.

கொளத்தூருக்கு அவரும் வந்தார். கப்பு கப்பாகக் குனிந்து பார்த்தார். பெண் பார்க்கப் போனபோது எனக்காக அவர் இவ்வளவு யோசிக்கவில்லை. பெரிய வாலைப் பார்க்காமல், கப்பின் அருகே விரலைக் கொண்டு போனால் துடிப்பாகத் திரும்புகிறதா, செதில் வழவழவென்று இருக்கிறதா, கண் தெளிவா என்று பார்த்து ஒன்றை எடுத்தார். கருநீலம். ஓரத்தில் சிவப்பு.

"ஜோடியா எடுத்துக்குங்க" என்றார்கள். கூடாது. ஒரே தொட்டியில் இரண்டு ஆணை விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். பெண்ணோடு சேர்த்து வைத்தாலும் துரத்தும். மாப்பிள்ளை தனிக்குடித்தனம்.

வந்ததும் பையோடு தொட்டியில் இருபது நிமிஷம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கலந்து, அப்புறம்தான் உள்ளே விட்டோம். ரெண்டு நாள் மண்தொட்டிக்குள்ளேயே இருந்தான். மூன்றாவது நாள் காலையில் என் மகள் கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால், மேலாக விரிந்திருந்த அனுபியாஸ் இலையில் மாப்பிள்ளை திண்டில் சாய்ந்த மாதிரி படுத்திருக்கிறான். செத்துவிட்டான் என்று நான் நினைத்தேன். அப்பா என் தோளைத் தட்டினார். "தூங்கறான்டா. சத்தம் போடாதே."

மாப்பிள்ளையின் தேவைகள் அதிகமில்லை. காலையில் நாலு உருண்டை, சாயங்காலம் நாலு உருண்டை. வெள்ளிக்கிழமை விரதம். இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு டிகிரிக்குள் தண்ணீர். சென்னையில் பனிக்காலத்தில் தானாகவே கிடைக்கிறது. வெயில் காலத்தில்தான் மேலே போகாமல் ஜன்னலுக்குத் திரை போட வேண்டியிருக்கிறது. தண்ணீர் மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே மூச்சு வாங்க மூன்று விரல்கடை இடைவெளி. மூடி கட்டாயம், இல்லையென்றால் துள்ளித் தரையில் விழுந்துவிடுவான். வாரம் ஒரு தடவை குழாய் வைத்துத் தண்ணீர் இறக்குவோம். முதல் தடவை நான் வாயால் உறிஞ்சி அரை டம்ளர் குடித்தேன். குழாயில் முதலிலேயே தண்ணீர் நிரப்பிக் கட்டை விரலால் அடைத்து இறக்குகிற வித்தையை அப்பா காட்டித் தந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் தண்ணீர் மூலையில் நுரை. சோப்பு விழுந்துவிட்டது என்று பயந்தேன். சோப்பு இல்லை. ஆண் ஃபைட்டர் காற்றை விழுங்கி, எச்சிலோடு குமிழி குமிழியாக விட்டுக் கட்டுகிற கூடு அது. துணை இல்லாவிட்டாலும் கட்டும். துணை வந்து முட்டையிட்டால், கீழே விழுகிற முட்டையை வாயால் பிடித்துக் கூட்டில் ஒட்டி, பெண்ணை விரட்டிவிட்டு, குஞ்சு பொரிந்து நீந்தும்வரை தகப்பன் ஒருத்தனே காவல் இருப்பான். இதை நான் உரக்கப் படித்தது தப்பு.

"நல்லாக் கேட்டுக்குங்க" என்றாள் மனைவி.

அப்பா வெகுநேரம் அந்த நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பொண்ணில்லேன்னாலும் வீடு கட்டறான் பாரு" என்றார். அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குள் அவருடைய நாற்காலி என் அறைக்குள் வந்திருந்தது. பிறகு அவருடைய ரேடியோ. பிறகு மாத்திரை டப்பா. ஒரு ராத்திரி கரண்ட் போனபோது, டார்ச்சோடு உள்ளே வந்து நின்றார்.

"மோட்டார் நின்னா பரவாயில்லையா?"

"ஒண்ணும் ஆகாதுப்பா. மேல வந்து காத்து குடிச்சுக்குவான்."

"இல்லடா. இருட்டுல தனியா இருக்கான். நான் வேணா... இங்கயே படுத்துக்கட்டுமா?"

டார்ச் வெளிச்சம் தொட்டி மேலேயே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் ஒரு மீனுக்காகக் கேட்பது மாதிரி கேட்டுக்கொண்டு நின்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் மடக்குக் கட்டிலைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டு, மெத்தையோடு ஒரு மரக் கட்டில் வாங்கி வந்தேன். கணக்கில் அதை எழுதவில்லை.

இப்போது நான் ஹாலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப் வைத்துக்கொண்டு, சீரியல் மாமியாரின் அழுகைக்கு நடுவே இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு தடவை கையைப் பிசைந்தாயிற்று. ஒரு டிக்‌ஷனரி எடுக்க மெதுவாக அறைக் கதவைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "லைட்டைப் போடாதே. அவன் இப்பத்தான் இலையில ஏறிப் படுத்தான்."